சசிகலா ஏன் மூலைச் சிப்பாயைத் தள்ளினாள்

பட்டுப்புழு வளர்க்கிற வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒரு பேட்ச் புழு நோய் வந்து போய்விட்டால், எதனால் போனது என்று தெரியாமல் அடுத்த பேட்ச்சைக் கொட்டகைக்குள் விடக் கூடாது. கழுவிவிட்டோம், சுண்ணாம்புத் தூள் போட்டுவிட்டோம் என்பதெல்லாம் போதாது. இலை ஈரமாக இருந்ததா, புழு தோலுரிக்கிற நேரத்தில் யாராவது தெரியாமல் தீனி போட்டார்களா, ஜன்னல் வலை கிழிந்து ஈ நுழைந்ததா என்று ஒன்றொன்றாகப் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். காரணம் கையில் கிடைத்தால் அடுத்த பேட்ச். கிடைக்கும் வரை கொட்டகை காலிதான்.

பாப்பாரப்பட்டிக்கு மேற்கே, மல்பெரித் தோட்டமும் புழுக் கொட்டகையுமாகக் குடும்பம் நடத்துகிற சசிகலா, இந்தச் சட்டத்தைச் சதுரங்கத்துக்கும் வைத்திருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் மல்பெரித் தண்டு வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கூப்பிட்டவன் கோகுல்ராஜ். பாப்பாரப்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை மாடியில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுப்பான். சேலத்தில் நடக்கப்போகிற பெண்கள் அணிப் போட்டிக்கு நம் மாவட்டத்திலிருந்து நான்கு பேரைச் சேர்த்து அனுப்புகிற வேலையும் அவன் தலையில் விழுந்திருந்தது.

"அக்கா, சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பேரு அனுப்பணுங்க. மூணு பேரு ஓகே. நீங்கதான் பாக்கி."

"தம்பி, நான் ஏன் தோத்தேன்?"

"ஐயோ அக்கா, அத அப்பறமா பேசிக்கலாம். மொதல்ல வர்றீங்களா இல்லியா, அத சொல்லுங்க."

"காரணம் தெரிஞ்சா வர்றேன். தெரியலன்னா வேற ஆளப் போட்டுக்க."

"நான் ஆட்டத்தக் கம்ப்யூட்டர் மெஷின்ல போட்டுப் பாத்துட்டேங்க. எங்க தப்புன்னு இப்பவே சொல்லிடறேன்."

"சொல்லாத!" என்று கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள். "நீ சொன்னா அது நீ கண்டுபிடிச்சது. நானே பாக்கறேன். ஆறு மணிக்குள்ள போன் பண்றேன்."

போனை வைத்துவிட்டாள். போக ஆசை இல்லாமல் இல்லை. கொட்டகையில் இருப்பது கடைசிப் பருவத்துப் புழு. சேலம் போட்டிக்குள் கூடு கட்டி முடித்துவிடும். தேதிகூட அவளுக்காகவே பார்த்து வைத்த மாதிரி இருந்தது. சேலத்தில் எட்டு மாவட்டத்துப் பெண்கள் வருவார்கள், நல்ல ஹால், நல்ல போர்டு, கடிகாரம் வைத்து ஆட்டம். நினைத்தாலே கை பரபரத்தது. ஆனால் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்திருந்த ஆட்டத்தை எப்படிக் கோட்டைவிட்டோம் என்று தெரியாமல், அதே கையை எடுத்துக்கொண்டு சேலம் போவது அவளுக்குச் சரியாகப் படவில்லை. நோய் எங்கே என்று தெரியாத கொட்டகையில் புதுப் புழு விடுவது மாதிரி.

சசிகலாவுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. பத்தாவது முடித்த கையோடு அரூர்ப் பக்கமிருந்து திருமாலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த வீட்டில் இரண்டு விஷயம் ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. ஒன்று புழு, இன்னொன்று சதுரங்கம். புழுக் கொட்டகையை ஆள் இல்லாமல் விட முடியாது. பல்லி வரும், எறும்பு வரும். ஒரு தீனிக்கும் அடுத்த தீனிக்கும் நடுவில் காவலுக்கு உட்காருகிற நேரத்தில் திருமாலும் அவன் தம்பியும் பலகையைப் போட்டுவிடுவார்கள். புது மருமகள் இலை உதறிப் போட்டபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கொழுந்தனார் பாதி ஆட்டத்தில் எழுந்து மோட்டார் நிறுத்தப் போனார். திரும்பி வந்தபோது திருமால் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். நடுவில் ஒரு காயை நகர்த்தியது யார் என்று விசாரித்ததில் அண்ணி மாட்டிக்கொண்டாள். அந்த ஒரு நகர்த்தலில் திருமாலின் ராணி போயிருந்தது.

கொழுந்தனார் கம்பெனி வேலைக்கு ஓசூர் போனபின் அந்த இடம் சசிகலாவுக்கு வந்தது. பிறகு தினமும் மத்தியானத் தீனி முடிந்ததும் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரு ஆட்டம். சண்டை போட்ட நாளிலும் ஆட்டம் நிற்காது, பேச்சு மட்டும்தான் நிற்கும்.

கோகுல்ராஜின் வகுப்புக்கு அவள் போனதே மகள் தேன்மொழியைச் சேர்த்துவிடத்தான். தேன்மொழி நாலைந்து வாரத்தில் சலித்துப்போய் நின்றுவிட்டாள். துணைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த அம்மா நிற்கவில்லை. "எங்கம்மாவ நாந்தான் கொண்டுபோய் வுட்டேன், இப்ப கூட்டிட்டு வர முடியல" என்று தேன்மொழி தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கடைசி பெஞ்சில் இருந்தபடிதான் சசிகலா போட்டி விதிகளைக் கற்றாள். ராஜாவும் யானையும் இடம் மாறிக் கோட்டை கட்டுவது, சிப்பாய் முதலில் இரண்டு கட்டம் போவது, ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதுவது எல்லாம் அங்கே வந்தவைதான். வீட்டு ஆட்டத்தில் இதெல்லாம் கிடையாது. ஆனாலும் ஒரே வாரத்தில் தலைகீழாக ஒப்பித்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாவட்டப் போட்டி நடந்தது. காலேஜ் பெண்கள், டீச்சர்கள், நர்ஸ் ஒருத்தி, இவள். ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து ஜெயித்துக் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். எதிரே ராதிகா என்ற இன்ஜினியரிங் படிக்கிற பெண். அந்த ஆட்டத்திலும் பாதிக்கு மேல் சசிகலாதான் கை ஓங்கி நின்றாள். பார்க்கிற கூட்டம் அவள் பின்னால் சேர்ந்தது. பிறகு என்னவோ ஆனது. கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, கடைசியில் அவள் தன் ராஜாவைத் தானே சாய்த்து வைத்து ராதிகாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எல்லாச் சுற்றுப் புள்ளிகளையும் கூட்டியதில் மூன்றாம் இடம். ஒரு கப் கொடுத்தார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் தண்ணிக் குழாயடியில் பிடித்துக்கொண்டாள். "ஏ சசி, கப்பு குடுத்தாங்களாமே, அதுல காப்பி குடிக்கலாமா? போறப்பவே சொன்னேன், அந்தப் பச்ச சீலையக் கட்டாதடி, கண்ணு படும்னு. கேட்டியா?"

தேன்மொழி சொன்ன காரணம் வேறு. "அந்தப் பொண்ணு ஆன்லைன்ல ஆயிரம் கேம் ஆடியிருக்கும்மா. நீ அப்பாகிட்ட மட்டுந்தான ஆடுற?"

திருமாலுக்கு ஆத்திரம் அடங்கவேயில்லை. "அந்த மண்டபத்துல உன் தலைக்கு மேல இருந்த ஃபேனு ஓடல. அவ தலைக்கு மேல ஜம்முனு ஓடுச்சு. நான் பாத்துட்டுதான இருந்தேன்? வேர்த்து ஊத்துனா எவன் யோசிக்க முடியும்?"

இதில் எதை எடுத்துக்கொண்டாலும் மனசுக்கு ஆறுதல்தான். சேலை, ஆன்லைன், ஃபேன் என்று எதன் தலையில் போட்டுவிட்டாலும் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். சசிகலா ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய பெருமையாக நான் நினைப்பது இதைத்தான். தோற்றவருக்கு ஊரே சமாதானம் தருகிறபோது, வேண்டாம் என்று சொல்ல ஒரு தெம்பு வேண்டும்.

தண்டுக் கட்டைக் கொட்டகை நிழலில் போட்டு ஈரச் சாக்கு மூடிவிட்டு, அவள் பலகையை எடுத்து வந்து புழுப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே மழை தூறுகிற மாதிரி சத்தம். கடைசிப் பருவத்துப் புழு இலை தின்கிற சத்தம் அப்படித்தான் இருக்கும். ஆட்டம் எழுதிய தாளைத் தேடவில்லை. நாற்பத்தொன்பது நகர்த்தலும் நெஞ்சில் இருந்தன.

முன்னாலிருந்து ஆடிப் பார்த்துவரவில்லை. கடைசி நிலையை முதலில் அடுக்கினாள். தன் ராஜா மூலையில் நசுங்கி நிற்கிறது. ராதிகாவின் சிப்பாய் ஒன்று அடுத்த அடியில் ராணியாகப் போகிறது. இது பிணம். இதைப் பார்த்து ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு நகர்த்தலாகப் பின்னோக்கி எடுத்தாள்.

நாற்பத்தொன்றாவது நகர்த்தலில் நிறுத்தினாள். மண்டபத்தில் எல்லோரும் 'ச்சு' கொட்டிய இடம் இதுதான். ராஜாவை இடப்பக்கம் வைத்திருந்தாள். வலப்பக்கம் வைத்திருந்தால் அந்தச் சிப்பாயை மறித்திருக்கலாம் என்று ஆட்டம் முடிந்ததும் நர்ஸ்கூடச் சொன்னாள். சரி, வலப்பக்கம் வைத்துப் பார்ப்போம். இரண்டு பக்கமும் அவளே ஆடினாள். ராதிகாவுக்காக ஆடும்போது ஓரவஞ்சனை செய்யாமல் நல்ல நகர்த்தலாகவே தேடி ஆடினாள். வலப்பக்கம் போனாலும் தோல்விதான், நாலு நகர்த்தல் தள்ளி வருகிறது, அவ்வளவுதான்.

"நாப்பத்தி ஒண்ணுல செத்துச்சு. நோவு வந்தது இங்க இல்ல" என்று புழுவிடம் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டாள்.

இன்னும் பின்னால் போனாள். அங்கே அவளுடைய குதிரை ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. ராதிகாவின் மந்திரியைத் துரத்திக்கொண்டிருந்தது. குறுக்குக் கோட்டில் ஓடுகிற அந்த மந்திரி, பலகையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை நீண்ட கோட்டில் நின்றபடி, சசிகலாவின் மூலைச் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போகாதபடி காவல் காத்தது. குதிரை போய் மிரட்டும். மந்திரி அதே கோட்டில் ஒரு கட்டம் தள்ளி உட்காரும். குதிரை மறுபடி போகும். அது மறுபடி தள்ளி உட்காரும். அந்தக் கோட்டை விட்டு அது வெளியே வரவேயில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை. இதற்குள் பலகையின் அந்தப் பக்கத்தில் ராதிகாவின் ராஜா சசிகலாவின் சிப்பாய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டது.

குதிரையைக் குறை சொல்லலாமா? வேறு எங்கே அனுப்பியிருக்கலாம் என்று மூன்று வழி பார்த்தாள். எதுவும் உதவவில்லை. குதிரை பாவம், போட்ட வேலையைச் செய்தது. போட்ட வேலைதான் தப்பு.

இன்னும் ஒரு படி பின்னால் எடுத்தாள். முப்பத்தொன்றாவது நகர்த்தல்.

இடப்பக்கம் அவளுடைய இரண்டு சிப்பாய்கள் தோளோடு தோள் நின்றன. ஒன்று மூலையில், அதாவது யானை வரிசையில். இன்னொன்று அதற்குப் பக்கத்தில், குதிரை வரிசையில். இரண்டுக்கும் இன்னும் இரண்டடிதான் பாக்கி. ராதிகாவின் ராஜா வெகு தூரத்தில். தடுக்க வரக்கூடியது அந்த மந்திரி ஒன்றுதான். அது வெள்ளைக் கட்டத்தில் மட்டும் ஓடுகிற மந்திரி.

அவள் மூலைச் சிப்பாயைத் தள்ளியிருந்தாள். அது போய்ச் சேர வேண்டிய மூலைக் கட்டம் வெள்ளை. மந்திரியின் பாதை. சிப்பாய் அங்கேயே சிக்கி நின்றுவிட்டது.

இப்போது பக்கத்துச் சிப்பாயைத் தள்ளிப் பார்த்தாள். அது போய்ச் சேர வேண்டிய கட்டம் கறுப்பு. மந்திரி அதைத் தொடவே முடியாது. வழியிலேயே வெட்டலாம் என்று மந்திரி பாய்ந்தால், மூலைச் சிப்பாய் பின்னாலிருந்து மந்திரியை வெட்டும், வெட்டிய சிப்பாயே அடுத்த அடியில் ராணியாகும். வெட்டாவிட்டால் இதுவே ராணி. எந்தப் பக்கம் போனாலும் ராணி. பச்சைப் பிள்ளைக்கும் தெரிகிற கணக்கு.

அதற்கும் பின்னால் இருபத்து நான்கு வரை போய்ப் பார்த்தாள். ராணிகளை மாற்றிக்கொண்டது சரி, யானைகளை மாற்றிக்கொண்டது சரி. எல்லாம் ஆரோக்கியம். நோய் வந்த இடம் முப்பத்தொன்றுதான்.

கோகுல்ராஜைக் கூப்பிட்டாள். "முப்பத்தி ஒண்ணா?"

"அக்கா! கரெக்ட்டுங்க!" கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேல் கத்தினான். "அதுவரைக்கும் நீங்க ஜெயிக்கற ஆட்டங்க. அந்த ஒரு மூவ்ல தலகீழா போவுது. அவ்ளோதான், காரணம் தெரிஞ்சுபோச்சு. பேரு அனுப்பிடட்டுமா?"

"இரு. ஏன் அந்தச் சிப்பாயத் தள்ளுனேன்னு மெஷின் சொல்லுதா?"

"அது எப்படிங்க சொல்லும்? தப்புன்னு சொல்லும். ஏன் பண்ணுனீங்கன்னு உங்களத்தான் கேக்கணும்."

"அப்ப இன்னும் காரணம் தெரியல" என்றாள்.

இதுதான் அவளைக் குடைந்தது. நாற்பத்தொன்றில் ராஜாவை நகர்த்தும்போது வெகு நேரம் யோசித்தாள். குதிரையை அனுப்பும்போதும் யோசித்தாள். முப்பத்தொன்றில் யோசித்ததாகவே நினைவில்லை. ராதிகா கடிகாரத்தைத் தட்டினாள், இவள் கை நேராக மூலைக்குப் போனது. இரண்டு சிப்பாய் இருக்கிறதே, எதைத் தள்ளுவது என்ற கேள்வியே மனசில் வரவில்லை. அவசரமா? கடிகாரத்தில் நேரம் நிறைய இருந்தது. பயமா? அந்த நிமிஷத்தில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். யோசித்த இடத்தில் தப்பு வந்தால் அடுத்த தடவை இன்னும் நன்றாக யோசிக்கலாம். யோசிக்காத இடத்தில் வந்த தப்பை என்ன செய்வது? சேலத்திலும் கை அதுபாட்டுக்குப் போனால்?

வாசலில் மொபெட் வந்து நின்றது. திருமால் பெரிய தோட்டத்திலிருந்து இரண்டு கட்டு தண்டு கொண்டுவந்து இறக்கினான். வேர்வையைத் துண்டால் துடைத்தபடி உள்ளே வந்து பலகையைப் பார்த்தான்.

"என்னா புள்ள, இன்னும் அந்தப் பொணத்தையேவா கழுவிட்டு இருக்க?"

"கழுவல. அறுத்துப் பாக்கறேன்."

"ஃபேனுதான்னு சொன்னா கேக்க மாட்ட."

"ஃபேனு வந்து என் கையப் புடிச்சு மூலைக்கு இழுத்துட்டுப் போச்சா?"

இரண்டு பேருமாகச் சேர்ந்து தீனி போட்டார்கள். அவள் ஒரு ஓரத்திலிருந்தும் அவன் மறு ஓரத்திலிருந்தும் தண்டுகளைப் பரப்பிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தார்கள். புழு ஏறி இலையைப் பிடிக்கிற வரை பார்த்துவிட்டு, கை கழுவி வந்து, வழக்கம்போலத் திருமால் காய்களை அடுக்கினான்.

"வா. மனசு ஆறும். ஒரு ஆட்டம் போடு."

மணி பார்த்தாள். ஆறுக்கு இன்னும் நேரம் இருந்தது. உட்கார்ந்தாள்.

திருமால் ஆடினால் வாயும் ஆடும். "வந்தாரு பாரு யானையாரு", "ஓடு ஓடு, குதிரை வருது", "மாவட்டத்துலயே மூணாவது, எங்கிட்ட மொதலாவதா தோக்கப் போறா" என்று ஒவ்வொரு காய்க்கும் ஒரு வசனம். சசிகலா பாதி மனசோடுதான் ஆடினாள். ஆட்டம் குறைந்து காய்கள் தீர்ந்து வந்தபோது, திருமாலுக்கு ஒரு ஓரத்தில் இரண்டு சிப்பாய் மிச்சம் இருந்தன. மூலையில் ஒன்று, பக்கத்தில் ஒன்று.

அவன் யோசிக்கவில்லை. மூலைச் சிப்பாயை ஒரு அடி தள்ளிவிட்டுப் பீடிக்குத் தீப்பெட்டி தேடினான். கொட்டகைக்குள் பீடி ஆகாது என்று நினைவு வந்து பீடியை மறுபடி காதில் செருகிக்கொண்டான்.

சசிகலா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஏன் அதத் தள்ளுனீங்க?"

"பின்ன எதத் தள்ளுவாங்க?"

"பக்கத்துல ஒண்ணு இருக்குதே."

திருமால் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "என்னா புள்ள, புதுசா கேக்கற? அது குதிரைச் சிப்பாயி. அத உசுரக் குடுத்து ஓட்டிட்டுப் போயி, கடைசில ஒரு நொண்டிக் குதிரை வாங்கறதுக்கா? இது மூலைல போயி வுழுந்தா யானை. குதிரைச் சிப்பாயி காவலுக்கு, யானைச் சிப்பாயி ஓட்டத்துக்கு. இத்தன வருசமா ஆடுற, இது தெரியாதா?"

தெரியும். தெரிந்ததுதான் வினை.

அந்த வீட்டு ஆட்டத்தில் சிப்பாய் எதிர்க்கரை சேர்ந்தால், எந்த வீட்டில் போய் நிற்கிறதோ அந்த வீட்டுக்காரராகத்தான் மாறும். மூலையில் நின்றால் யானை. பக்கத்தில் நின்றால் குதிரை. மந்திரி வீட்டில் மந்திரி. நடுவில் ராஜா, ராணி வீடுகளில் நின்றால் மட்டும்தான் ராணி. போட்டி ஆட்டத்தில் அப்படி இல்லை, எங்கே போய் நின்றாலும் ராணி கேட்டு வாங்கலாம். இதைக் கோகுல்ராஜ் முதல் மாதமே சொல்லிக்கொடுத்திருந்தான். யாராவது கேட்டால் தூக்கத்தில்கூடச் சரியாகச் சொல்வாள். ஆனால் அந்த விதி வாய்க்குத்தான் போயிருந்தது, கைக்குப் போகவில்லை. கை இன்னும் இந்தக் கொட்டகையிலேயே இருந்தது. பக்கத்துச் சிப்பாயை அது ஒரு ஓட்டக்காரனாகவே மதிக்கவில்லை. அதனால்தான் முப்பத்தொன்றில் கேள்வியே எழவில்லை.

சசிகலாவுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தாள். சத்தம் கேட்டால் புழு தின்பதை நிறுத்திவிடும் என்று எல்லோரையும் அதட்டுகிறவள் அவள்தான்.

"என்னாச்சு உனக்கு?"

"கெடச்சுடுச்சுங்க. நோவு கெடச்சுடுச்சு." தருமபுரி ஆட்டத்தின் நிலையை மளமளவென்று மறுபடி அடுக்கி, முப்பத்தொன்றைக் காட்டி, மந்திரி ஓடுகிற கோட்டைக் காட்டி, இரண்டு சிப்பாயையும் காட்டிச் சொன்னாள். திருமால் கேட்கக் கேட்க அவன் முகம் மாறியது.

"அப்ப," என்றான், "எங்கூட ஆடி ஆடித்தான் தோத்துட்டன்ற."

"நான் அப்படிச் சொன்னனா?"

"வேற எப்படிச் சொல்லணும்? எங்கப்பன் ஆடுன ஆட்டம், என் தம்பி ஆடுன ஆட்டம், நான் உனக்குச் சொல்லிக்குடுத்த ஆட்டம். இப்ப அதுதான் நோவு."

"உங்ககூட ஆடாம இருந்திருந்தா நான் அந்த மண்டபத்து வாசப்படிய மிதிச்சிருக்க மாட்டேங்க. அது வேற. இது வேற." அவள் குரலை இறக்கினாள். ஆனால் சொல்ல வேண்டியதை விடவில்லை. "சேலத்துக்குப் போகணும்னா என் கைய மாத்தணும். தெனமும் மத்தியானம் இந்த ரூல்ல ஆடிட்டு, அங்க போயி வேற ரூல்ல ஆட முடியாது. போட்டி ரூல்ல ஆடலாம் வாங்க. இல்லன்னா சேலம் முடியற வரைக்கும் நாம ஆட வேணாம்."

"ஆட வேணாம்னா வேணாம்" என்று எழுந்துவிட்டான் திருமால். "எங்க வூட்ல குதிரை வூட்டுக்குப் போனது குதிரைதான். யாருக்காவவும் மாத்த முடியாது."

மறு ஓரத்துக்குப் போய், சரியாகவே கிடந்த தண்டுகளை எடுத்து எடுத்து மறுபடி பரப்பினான். சசிகலா பலகைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். காரணம் கிடைத்துவிட்டது, இனி போன் செய்யலாம். ஆனால் கை போனுக்குப் போகவில்லை. அந்த மத்தியான ஆட்டம் அவளுக்கு வெறும் ஆட்டம் இல்லை. தேன்மொழி பிறந்ததைப் பற்றி, போர்வெல் போட்டதைப் பற்றி, கூடு விலை விழுந்ததைப் பற்றி, கொழுந்தனார் தனியாகப் போனதைப் பற்றி அவர்கள் பேசியதெல்லாம் இந்தப் பலகைக்கு மேல்தான். நேருக்கு நேர் பார்த்துப் பேச வராத மனுஷன், காயைப் பார்த்துக்கொண்டே எல்லாம் பேசிவிடுவான். சேலத்துக்கு அதை விலையாகக் கொடுக்க வேண்டுமென்றால் கொடுப்பதா?

பிறகு மறு ஓரத்திலிருந்து திருமாலின் குரல் வந்தது.

"அந்த மந்திரி பாஞ்சு வெட்டுனா?"

"எந்த மந்திரி?"

"அந்தக் காலேஜ் புள்ள மந்திரி. நீ குதிரைச் சிப்பாயத் தள்ளுற. அது வந்து வெட்டிடுது. அப்ப?"

"வந்து வெட்டித்தான் பாருங்களேன்."

அவன் வந்தான். உட்காரவில்லை. நின்றுகொண்டே குனிந்து பார்த்தான். சசிகலா பக்கத்துச் சிப்பாயை ஒரு அடி தள்ளினாள். திருமால் ராதிகாவுக்காக மந்திரியை எடுத்து அந்தச் சிப்பாயை வெட்டினான், "போச்சு!" என்றான். சசிகலா மூலைச் சிப்பாயால் மந்திரியை வெட்டினாள். திருமால் மோவாயைத் தடவினான். தடுக்க வேறு ஆள் இல்லை. ராஜாவை ஒரு அடி நகர்த்தினான், அது பலகையின் அந்தக் கோடியில் இருந்தது. சசிகலா சிப்பாயைக் கடைசிக் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தாள். கறுப்புக் கட்டம். குதிரை வீடு.

திருமாலின் கை தானாக வெட்டுப்பட்ட காய்களுக்குள் போய் ஒரு வெள்ளைக் குதிரையை எடுத்துவிட்டது.

எடுத்தபின்தான் அவனே அதைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

"சே," என்றான் திருமால் மெதுவாக. "கை அதுபாட்டுக்குப் போவுது புள்ள."

"அதத்தான சொன்னேன்."

குதிரையைக் கீழே வைத்தான். காய்களைக் கிளறி ராணியைத் தேடி எடுத்து, சட்டையில் துடைத்து, அவளிடம் நீட்டினான். "இந்தா. வச்சுக்க." பிறகு தன் பக்கத்துச் சாக்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "உங்க போட்டி ரூலு இன்னும் என்னென்ன இருக்குதோ எல்லாத்தையும் ஒரேயடியா சொல்லிடு. தெனமும் ஒண்ணொண்ணா சொல்லி என்னைய ஏமாத்தாத."

ஆறுக்குக் கொஞ்சம் முன்னால் கோகுல்ராஜின் போன் அடித்தது.

"எழுதிக்க தம்பி," என்றாள் சசிகலா. "திருமால் மனைவின்னு போடாத. சசிகலான்னு மட்டும் போடு."

"அக்கா, சூப்பருங்க! காரணம் கெடச்சுதா? என்னாங்க காரணம்?"

"சேலம் போற பஸ்ல சொல்றேன். பெரிய கதை."

"ஏ புள்ள," என்று பின்னாலிருந்து திருமால் கூப்பிட்டான், "ராணி வந்துட்டா ஜெயிச்சதா அர்த்தமா? போன வையி, வா. ராதிகா இன்னும் தோக்கல."